ஜூப்ளேன் போயிட்டு வந்தோம்: மாடு மேயுற புல்லுக்குக் கீழ ஒரு முழு ரோமன் டவுன்

முதல்ல மார்க்க சொல்லிடறேன், 5க்கு நாலரை. அந்த அரை மார்க் ஏன் போச்சுன்னு கடைசி வரைக்கும் படிச்சா புரியும், அதுக்கும் அந்த ஊருக்கும் பெருசா சம்பந்தம் இல்ல.

ஜூப்ளேன்ங்கிறது ஃப்ரான்ஸோட மேற்குப் பக்கம் மயேன் மாவட்டத்துல இருக்குற ஒரு விவசாய கிராமம். ஜனத்தொகை சுமார் எழுநூறு. ஒரு சர்ச், ஒரு மேரி (ஊராட்சி ஆபீஸ்), சாம்பல் கல்லு வீடுங்க, வீட்டுக்குப் பின்னாடி காய்கறித் தோட்டம், அதத் தாண்டுனா மாட்டுக் கொட்டாய், புல்லு, மக்காச்சோளம். இவ்ளோதான் மேலோட்டமா பாத்தா. ஆனா கிட்டத்தட்ட 2000 வருஷத்துக்கு முன்னாடி இது நோவியோடுனும்னு ஒரு தலைநகரம். தியாப்ளந்த்ங்கிற கௌல் இனத்து மக்களோட தலைநகரம் (கௌல்னா ரோமானியர்கள் வரதுக்கு முன்னாடியே ஃப்ரான்ஸ்ல இருந்த ஜனங்க). கோயில், ஃபோரம்ங்கிற ஊர்ப் பொது மைதானம், பொதுக் குளியல் கூடம், தியேட்டர்னு ஒரு ரோமன் டவுனுக்கு என்னென்ன வேணுமோ அத்தனையும் இருந்துச்சு, அப்புறம் பக்கத்துலயே ஒரு பிரம்மாண்டமான கோட்டையும் வந்துச்சு.

நாங்க போனதுக்குக் காரணம் பையன். இந்த வருஷம் சிஸியேம் (நம்மூர் ஆறாம் வகுப்பு மாதிரி) படிக்கிறான், ஹிஸ்டரி பாடத்துல ரோம் வருது, புக்குல ஃபோரம், தெர்ம் (குளியல் கூடம்)னு கலர் கலரா படம் போட்டிருக்காங்க, ஆனா அவனுக்கு அது எல்லாமே ஒரே குழப்பம், எது எங்க இருக்கும், ஜனங்க எங்கேருந்து எங்க நடந்து போவாங்கன்னு கேட்டுட்டே இருந்தான். ரோமன் கட்டடங்களுக்குப் பேர் போன நீம், ஆர்ல், ஒராஞ்ச் எல்லாம் தெற்குல இருக்கு, நாங்க இருக்குறது பாரிஸ் புறநகர்ல, ரெண்டு நாள் லீவுல அங்க போயிட்டு வரது கஷ்டம். அப்பதான் எங்க வீட்டுக்காரர் ஆபீஸ்ல லாவால் ஊர்க்காரர் ஒருத்தர் சொல்லியிருக்கார், எங்க ஊருப் பக்கம் ஜூப்ளேன்னு ஒண்ணு இருக்கு, கூட்டமே இருக்காது, பையன கூட்டிட்டுப் போங்கன்னு. சரின்னு சனிக்கிழமை காலைல கெளம்பிட்டோம்.

வழியப் பத்தி சுருக்கமா. ஏ11 பிடிச்சு ல மான் வரைக்கும், அங்கேருந்து ஏ81, வேஜ்ங்கிற எடத்துல எறங்கி எவ்ரோன் வழியா உள்ள போகணும். சுமார் மூணு மணி நேரம், டோல் உண்டு. ட்ரெயின்ல வரணும்னா எவ்ரோன் ஸ்டேஷன் வரைக்கும் வரலாம், அதுக்கப்புறம் பதினாலு பதினஞ்சு கிலோமீட்டர் சைக்கிளோ டாக்ஸியோ நீங்கதான் பாத்துக்கணும். கார் இருந்தா நல்லது. (எவ்ரோன்ல ஒரு சீஸ் ஃபேக்டரி இருக்கு, அந்த சிவப்பு மெழுகு போட்ட குட்டி பேபிபெல் அங்கதான் தயாராகுதுன்னு தெரிஞ்சதும் பையனுக்கு ரோம் எல்லாம் மறந்து போச்சு, ஒரு அரை மணி நேரம் அதே பேச்சு.)

ஹைவேய விட்டு எறங்குனதும் நிலமே மாறிடுது. இங்க வயலுக்கு வயல் மண்மேடு போட்டு அதுமேல ஓக், ஹேசல் மரம், முள்ளுச் செடின்னு உயிர்வேலி வளத்திருக்காங்க, பொகாஜ்னு சொல்றாங்க இதை. மாடு வெளிய போகாது, காத்து தடுக்கும், வெறகு கிடைக்கும், மழைத்தண்ணி மண்ண அரிச்சிட்டுப் போகாது. 1960, 70கள்ல நிலங்கள ஒண்ணா சேத்து பெரிய பெரிய வயலாக்குன காலத்துல இந்த வேலிங்கள நிறைய பிடுங்கிட்டாங்க, இப்ப திரும்ப நட்டுட்டு இருக்காங்க. மயேன்னாலே பாலுதான். உலகத்துலயே பெரிய பால் கம்பெனிகள்ல ஒண்ணான லாக்தாலிஸ் 1933ல லாவால்ல ஒரு சின்ன சீஸ் பட்டறையா ஆரம்பிச்சது, இன்னைக்கும் தலைமை ஆபீஸ் அங்கதான். அதனால ரோட்டுல டிராக்டர், பால் லாரி ரெண்டும் எதிர்ல வந்துட்டே இருக்கும், ரோடு வேற குறுகல், நிதானமா ஓட்டுங்க.

இப்ப விஷயத்துக்கு வரேன். இங்க வரவங்க நிறைய பேர் ஒரே தப்ப பண்றாங்க. நேரா கோட்டைக்குப் போறாங்க, அதுதான் கண்ணுக்குப் பெருசா தெரியுது, பார்க்கிங்கும் பக்கத்துலயே. அரை மணி நேரம் சுத்தி வந்து நாலு போட்டோ எடுத்துட்டு காரத் திருப்பிடறாங்க. நாங்க இருந்தப்பவே அப்படி ரெண்டு மூணு குடும்பத்தப் பாத்தேன், மனசு கேக்கல எனக்கு. ஏன்னா ஜூப்ளேன்ல பாக்க வேண்டியது தனியா ஒரு கட்டடம் இல்ல, முழு டவுனோட அமைப்பு. அத நடந்து பாத்தாதான் புரியும்.

நான் சொல்ற வரிசை இதுதான். முதல்ல மியூசியம். கோட்டை வாசலுக்குப் பக்கத்துலயே இருக்கு, மாவட்டத்தோட தொல்லியல் மியூசியம், 1995ல திறந்தது. ரொம்பப் பெருசு இல்ல, ஒரு மணி நேரம் போதும், ஆனா இத பாக்காம வெளிய போனா பாக்குறதெல்லாம் வெறும் கல்லாத்தான் தெரியும். டவுனோட மாதிரி, தெரு எப்படி நேர் நேரா கட்டம் கட்டமா போச்சு, எது எங்க இருந்துச்சுங்கிறது எல்லாம் மனசுல பதிஞ்சிடுது. டிக்கெட் வெல ரொம்ப கம்மி, குடும்பத்தோட போனாலும் பர்ஸ் அழுவாது. கவுன்டர்ல இருந்த அம்மா பையன்கிட்ட குனிஞ்சு, நீ எந்த வகுப்பு, ஸ்கூல்ல ரோம் ஆரம்பிச்சிட்டீங்களான்னு கேட்டு, ஒரு பேப்பர் மேப்ப எடுத்து பேனாவால கோடு போட்டுக் காமிச்சாங்க, இங்கேருந்து இப்படிப் போன்னு. அந்தக் கோடுதான் எங்க முழு நாளும். ஃப்ரெஞ்ச் படிக்க வராதவங்க கூட வந்தா போன்ல ட்ரான்ஸ்லேட் ஆப் வச்சுக்கோங்க, உபயோகமா இருக்கும்.

மியூசியத்துல எனக்குப் பிடிச்சது காசும் களிமண் பொம்மையும். வெள்ளைக் களிமண்ல அச்சு வச்சு செஞ்ச சின்னச் சின்ன தாய்த்தெய்வம், கையடக்கம், மடியில கொழந்தையோட உக்காந்திருக்கும். கோயிலுக்கு வந்தவங்க வேண்டிக்கிட்டு வச்சுட்டுப் போனது. பெரிய ராஜா கொடுத்த தங்கம்னா ஒரு மாதிரி பாத்துட்டுப் போயிடுவோம், இது யாரோ ஒரு சாதாரணப் பொம்பள தன் கொழந்தைக்காக சந்தையில வாங்கிட்டு வந்து வச்சதுன்னு நெனச்சப்ப அந்தக் கண்ணாடி முன்னாடியே கொஞ்ச நேரம் நின்னுட்டேன்.

காசப் பத்தி ஒண்ணு. இங்கேருந்து மேற்குல மயேன் ஆத்த ரோமன் ரோடு கடந்த எடம் ஒண்ணு இருக்கு, செங் லெயோனார் துறைன்னு பேரு. பாலம் கிடையாது, ஆழம் கம்மியா இருக்குற எடத்துல எறங்கித்தான் கடக்கணும். 1864ல அங்க ஆத்து அடியிலேருந்து ஆயிரக்கணக்குல ரோமன் காசு கெடச்சிருக்கு. ஆத்தக் கடக்குறப்ப நல்லபடியா கரை சேரணும்னு ஆளாளுக்கு ஒரு காசு தண்ணியில போட்டிருக்காங்க, நூத்துக்கணக்கான வருஷமா. பையன் இதக் கேட்டுட்டு, நாம பாலத்துமேல ட்ரெயின்ல போறப்ப தாத்தா காவேரில காசு போடுவாரே அது மாதிரியான்னான். ஆமாண்டா அதேதான்னேன்.

அப்புறம் கார அங்கயே விட்டுட்டு கோயிலுக்கு நடங்க, ஊரோட வடக்குக் கடைசி. புல்வெளி நடுவுல சதுரமா சுத்துச் சுவரோட அடித்தளம், உள்ள கோயிலோட அடித்தளம், அவ்வளவுதான் மிச்சம். ரோமானியர்கள் வரதுக்கு முன்னாடியே இங்க மரத்துல ஒரு கௌல் கோயில் இருந்திருக்கு, ஜனங்க அங்க கூடிக்கிட்டுதான் இருந்திருக்காங்க. அந்த எடத்துலயேதான் கி.பி. 60கள்ல, நீரோ காலத்துக் கடைசில, கல்லுல பெரிய கோயில எழுப்பியிருக்காங்க. சாமி இருந்த எடத்த யாரும் மாத்தல, கட்டடத்தத்தான் மாத்துனாங்க. அன்னைக்கு அங்க எங்க மூணு பேரத் தவிர ஆளே இல்ல. வேலிக்கு அந்தப் பக்கம் நாலஞ்சு மாடு, சிவப்பும் வெள்ளையுமா, ரூஜ் தே ப்ரேன்னு சொல்ற இந்தப் பக்கத்து ஜாதி, தலையத் தூக்கி எங்களப் பாத்துட்டு மறுபடி மேய ஆரம்பிச்சிடுச்சுங்க.

இங்க நின்னு தெக்கப் பாருங்க. இதுதான் முக்கியம். கோயில், ஃபோரம், குளியல் கூடம், தியேட்டர் நாலும் வடக்குத் தெக்கா ஒரே கோட்டுல வரிசையா வச்சிருக்காங்க. சாமி கும்புடற எடம் ஒரு கடைசில, கூத்துப் பாக்குற எடம் இன்னொரு கடைசில, நடுவுல நிர்வாக ஆபீஸ், கடைத்தெரு, குளியல். மொத்த தூரம் ஒரு கிலோமீட்டர் கூட வராது. அந்தக் கோட்ட பிடிச்சு நாம நடந்து போறது இன்னைக்கு கிராமத்துத் தெருவுல, யாரோ ஒருத்தரோட முட்டைக்கோஸ் தோட்டத்தத் தாண்டி, தொவச்சுக் காயப்போட்ட துணியத் தாண்டி. பாரிஸ்லயும் ரோமன் டவுன் இருக்கு, லுட்டேசியா, ஆனா அதுமேல அடுக்கடுக்கா ஊர் வளந்துடுச்சு, அரங்கம் ஒரு மூலைல, குளியல் கூடம் ஒரு மூலைல, நடுவுல மெட்ரோ ஓடுது, ரெண்டையும் சேத்து மனசுல ஒரு ஊரா நிறுத்தவே முடியாது. ஜூப்ளேன்ல அப்படி நடக்கல. ஏன் நடக்கலைன்னா இந்த டவுன் தோத்துப் போச்சு. 4, 5ஆம் நூற்றாண்டு வாக்குல தலைநகரங்கிற அந்தஸ்து போயிடுச்சு, பிஷப் ல மான்லதான் இருந்தார், அதிகாரிங்க, வியாபாரிங்க எல்லாம் அந்தப் பக்கம் போயிட்டாங்க, இங்க விவசாயம் பண்றவங்க மட்டும் நின்னாங்க. பெரிய டவுனா வளராததால புது நகரம் எதுவும் பழசு மேல ஏறி உக்காரல. ஏர் ஓட்டுறப்ப ஓடு வரும், கல்லு வரும், எடுத்து வேலி ஓரத்துல போட்டுட்டு பொழப்பப் பாத்திருக்காங்க, அவ்வளவுதான். அப்புறம் மாவட்ட நிர்வாகம் நிலத்த கொஞ்சம் கொஞ்சமா வாங்கி காப்பாத்தி வச்சிருக்கு.

ஃபோரம் எடத்துல கண்ணுக்குத் தெரியறது ரொம்பக் குறைச்சல், அதனால நிக்காம போயிடலாம்.

சர்ச்சுக்கு வாங்க. செங் த்ரேஷ் சர்ச். இதோட அடியிலதான் ரோமன் பொதுக் குளியல் கூடம் இருக்கு. டவுன் நொடிச்சுப் போனப்புறம், குளிக்க யாரும் வராத அந்தக் கட்டடத்த கிறிஸ்தவங்க கோயிலா மாத்திக்கிட்டாங்க. பச்சத்தண்ணி தொட்டி இருந்த ஹால்தான் சர்ச்சோட நடு ஹாலா ஆயிருக்கு. சுவரும் கூரையும் நல்லா இருக்குறப்ப எதுக்குப் புதுசா கட்டணும்? இப்ப நிக்குற சர்ச் 19ஆம் நூற்றாண்டுல திருப்பிக் கட்டுனது, ஆனா எடம் அதேதான், கீழ அடித்தளம் அதேதான். கீழ பச்சத்தண்ணி தொட்டிய அப்படியே பாக்கலாம், நீலச் சாம்பல் கலர்ல பலகைக் கல்லு பதிச்சிருக்காங்க, இந்தப் பக்கத்து மண்ணுல கிடைக்குற கல்லுதான். வெயில்லேருந்து உள்ள போன ஒடனே ஜில்லுன்னு இருக்கு.

ரோமன் குளியல் எப்படின்னு பையனுக்கு இங்கதான் புரிஞ்சது. ஒரே ரூம்ல குளிச்சிட்டு வரது இல்ல, வரிசையா ரூம் ரூமா போகணும், இளஞ்சூடு, நல்ல சூடு, அப்புறம் திரும்பி வந்து பச்சத்தண்ணி. சூடு எப்படி வரும்னா, தரைய நேரா மண்ணுமேல போட மாட்டாங்க. செங்கல்ல குட்டிக் குட்டித் தூணா அடுக்கி, அதுமேல பெரிய ஓடு பரப்பி, அதுக்கு மேல காரை போட்டு தரை. வெளிய அடுப்பு எரியும், ஆளுங்க வெறகு தள்ளிக்கிட்டே இருப்பாங்க, அந்த அனல் தரைக்கு அடியில ஓடி, சுவருக்குள்ள வச்ச மண் குழாய் வழியா மேல ஏறி வெளிய போகும். தரையும் சூடு, சுவரும் சூடு. எங்க பில்டிங்ல இப்ப தரைக்கு அடியில ஹீட்டிங் போடணும்னு மூணு வருஷமா மீட்டிங்ல பேசிட்டே இருக்காங்க, 1900 வருஷத்துக்கு முன்னாடி மயேன் கிராமத்துல போட்டு முடிச்சிருக்காங்கன்னு எங்க வீட்டுக்காரர் அந்த ஓட்டத் தொட்டுப் பாக்க முடியாதான்னு ஏங்கிட்டு நின்னார்.

கடைசியா தெக்குக் கடைசில தியேட்டர். எனக்கு இந்த ஊர்லயே ரொம்பப் பிடிச்ச எடம் இதுதான். மலைச்சரிவையே சாய்வா வச்சு அரை வட்டமா அமைச்சிருக்காங்க, இப்ப புல்லு மூடியிருக்கு, வளைஞ்ச சுவரெல்லாம் நல்லாத் தெரியுது. மேல உக்காந்து பாத்தா எதிர்ல கோஎவ்ரோன் குன்றுங்க, நடுவுல வயல், உயிர்வேலி, தூரத்துல ஒரு டிராக்டர் ஊர்ந்துட்டு இருக்கு. உள்ள வர டிக்கெட் கிடையாது. கோடையில இங்க இப்பவும் நாடகம் போடுறாங்க.

இந்தத் தியேட்டர கட்டிக் குடுத்தவர் பேரு நமக்குத் தெரியும். கல்வெட்டு கெடச்சிருக்கு. ஒர்கெத்தோரிக்ஸ், அவங்க அப்பா பேரும் ஒர்கெத்தோரிக்ஸ். டொமிஷியன் சக்கரவர்த்தி பதவிக்கு வந்த புதுசு, கி.பி. 81லேருந்து 83க்குள்ள. அந்தப் பேர கவனிங்க, ரோமன் பேரே கிடையாது, சுத்தமான கௌல் பேரு. கி.மு. 56ல கடற்கரைப் பக்கத்து வெனேத் ஜனங்க சீசர எதிர்த்துக் கெளம்புனப்ப இந்த தியாப்ளந்த் ஜனங்களும் அவங்க கூட சேந்து நின்னவங்க, சீசரே எழுதி வச்சிருக்கார். அப்படி எதிர்த்து நின்ன ஜனத்தோட வழியில வந்த ஒருத்தர், நூத்திச் சொச்சம் வருஷம் கழிச்சு, தன்னோட கௌல் பேர லத்தீன் எழுத்துல செதுக்கி, சொந்தக் காசப் போட்டு ஊருக்கு தியேட்டர் கட்டிக் குடுக்குறார். ரோமன் டவுன், ரோமன் டவுன்னு சொல்றோமே, இத்தாலியிலேருந்து வந்தவங்க கட்டுனதா நான் நெனச்சிட்டு இருந்தேன். கட்டுனது, குடியிருந்தது, கூத்துப் பாத்தது எல்லாமே உள்ளூர்க்காரங்க. இந்தத் தலைநகரத்துக்கு முன்னாடி அவங்களோட பெரிய கோட்டை ஊரு மூலேங்கிற எடத்துல இருந்திருக்கு, இங்கேருந்து மேற்குல பத்துக் கிலோமீட்டர் மாதிரி, மயேன் ஆறும் அரோன் ஆறும் சேருற முனையில. அங்கேருந்து மெல்ல எறங்கி வந்து கோயில் இருந்த இந்த எடத்துல நேர் தெருவெல்லாம் போட்டு ஊர் கட்டியிருக்காங்க. பையன்கிட்ட இதச் சொன்னப்ப, அப்ப கௌல்காரங்களும் ரோமன்காரங்களும் ஒரே ஆளுங்களான்னு கேட்டான். அவன் டீச்சர்கிட்ட போய்க் கேக்கச் சொல்லியிருக்கேன்.

அந்தப் புல்லுல உக்காந்துதான் சாப்டோம். சாப்பாட்டுக் கதைய இப்ப சொல்லணும். முதல் நாள் பக்கத்து டவுன்ல ஒரு ரெஸ்டாரன்ட்டுக்கு மத்தியானம் ஒன்றே முக்காலுக்குப் போனோம், பேர் வேண்டாம். பாதி டேபிள் காலி, ஆனா கிச்சன் மூடியாச்சுன்னு வாசல்லயே திருப்பி அனுப்பிட்டாங்க, கொழந்தைக்கு ஒரு ஆம்லெட்டாவது கெடைக்குமான்னு கேட்டதுக்கு தலைய மட்டும் ஆட்டுனாங்க. அரை மார்க் போனது இங்கதான். இந்தப் பக்கமெல்லாம் மத்தியானச் சாப்பாடு 12லேருந்து ஒன்றரை, அதுக்கு மேல எதிர்பாக்கக் கூடாது, ஞாயிறு திங்கள்ல நிறைய எடம் மூடியே இருக்கும். முன்னாடியே போன் பண்ணி டேபிள் சொல்லிடுங்க. இல்லைன்னா எங்க மாதிரி ரெண்டாவது நாள் காலைலயே பேக்கரில ரொட்டி, கடையில உப்பு வெண்ணெய், சீஸ், ஆப்பிள் வாங்கி வச்சுக்கோங்க. அந்த வெண்ணெயப் பத்தி மட்டும் தனியா எழுதலாம், லேசா மஞ்சள், கடிச்சா நடுவுல உப்புக் கல்லு நறுக்குன்னு வரும், ரொட்டில தடவிக் குடுத்தா எங்க வீட்டுக்காரர் வேற எதுவும் கேக்கல. அவர் சைவம், சைவக்காரங்களுக்கு ரெஸ்டாரன்ட்ல சாய்ஸ் கம்மிதான், சீஸ் போட்ட கலெத் (பக்வீட் மாவுல சுடுற தோசை மாதிரி) இல்லாத எடத்துல சாலட், ஃப்ரைஸோட முடிஞ்சிடும், பேக்கரியும் கடையும்தான் கை குடுக்கும். சீத்ரும் (ஆப்பிள்ல செய்யுற லேசான மது) ஆப்பிள் ஜூஸும் தோட்டத்துக்காரங்ககிட்டயே வாங்கலாம்.

தங்குனது ஒரு பண்ணை வீட்டு ழீத்ல, அதாவது டூரிஸ்ட்டுக்கு வாடகைக்கு விடுற வீட்டுல. பால் மாடு வச்சிருக்குற குடும்பம். சாயந்திரம் பால் கறக்குறப்ப பையன உள்ள விட்டாங்க, மெஷின் போடுறது, பால் குழாயில ஓடி பெரிய ஸ்டீல் டாங்குக்குப் போறது, அங்க ஜில்லுன்னு வச்சிருக்குறது, ரெண்டு மூணு நாளைக்கு ஒருதடவ லாரி வந்து எடுத்துட்டுப் போறது எல்லாம் அந்த மதாம் பொறுமையா சொன்னாங்க. அவங்க மாமனார் காலத்துல கெணத்துப் பக்கம் தோண்டுனப்ப செவப்பு ஓடு வந்துச்சாம், இங்க யாரு தோண்டுனாலும் வரும்னு ரொம்ப சாதாரணமா சொன்னாங்க. நிலத்துல ஏதாவது கெடந்தா பையில போட்டுக்காதீங்க. மெட்டல் டிடெக்டர் வச்சுக்கிட்டு பழம்பொருள் தேடுறது பர்மிஷன் இல்லாம இந்த நாட்டுல சட்டப்படி தப்பு, 1989லேருந்து. பையன் ஒரு ஓட்டுத் துண்ட கையில வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் யோசிச்சிட்டு எடுத்த எடத்துலயே வச்சான்.

இப்ப கோட்டை. இத கடைசில, சாயங்கால வெயில்ல பாருங்க, கல்லும் செங்கல்லும் கலர் மாறி அவ்ளோ அழகா இருக்கும். வெளிச்சுவர் இன்னைக்கும் ஆள் ஒசரத்துக்கு மேல ரெண்டு மூணு மடங்கு நிக்குது, சின்னக் கல்லு வரிசை, நடுவுல செங்கல் வரிசை, மறுபடி கல்லு வரிசைன்னு பட்ட பட்டையா, உருண்டைக் காவல் கோபுரங்களோட. பழைய மேப்ல எல்லாம் ரோமன் கேம்ப்னுதான் போட்டிருக்கும், ஆனா இது படை தங்குறதுக்காக கட்டுன கேம்ப் கிடையாது. நடுவுல ஒரு கட்டடம் இருக்கு, 3ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துல கட்டுனது, நாலு மூலையிலும் கோபுரம், ரொம்ப தடிமனான சுவர், அடியில பெரிய பெரிய கிரானைட் கல்லு. வரியா வந்த தானியம், பொருள் எல்லாம் பத்திரமா பூட்டி வைக்குற அரசாங்கக் கிடங்குன்னுதான் பெரும்பாலும் சொல்றாங்க. அப்புறம் காலம் கெட்டுப் போச்சு. 260லேருந்து 274 வரைக்கும் கௌல் தேசம் தனி சாம்ராஜ்யமாவே பிரிஞ்சு கெடந்துச்சு, அதுக்கப்புறம் வெளிய படையெடுப்பு, உள்ள கலகம். கிடங்கச் சுத்தி முதல்ல அகழியும் மண் அரணும் போட்டாங்க, அந்த நூற்றாண்டு முடியுறப்ப அதுக்கும் வெளிய இந்தக் கல் சுவர். அப்படி அவசர அவசரமா கட்டுன கொஞ்ச காலத்துலயே விட்டுட்டும் போயிட்டாங்க. உள்ளயே வேலைக்காரங்களுக்கும் காவல்காரங்களுக்கும் ரெண்டு சின்ன குளியல் கூடம் வேற, செங்கல் தூணெல்லாம் அப்படியே இருக்கு, தரைக்கு அடியில அனல் ஓடுற வேலைய சர்ச்ல படிச்சிட்டு வந்ததால பையன் இங்க எனக்கே விளக்கிச் சொன்னான்.

19ஆம் நூற்றாண்டுல இந்தக் கல்லெல்லாம் வீடு கட்ட, ரோடு போட போயிருக்கும். நினைவுச் சின்னங்களுக்கு இன்ஸ்பெக்டர் ஜெனரலா இருந்த ப்ரொஸ்பேர் மெரிமே இங்க வந்து பாத்திருக்கார், 1840ல ஃப்ரான்ஸ் போட்ட முதல் நினைவுச் சின்னப் பட்டியல்லயே இந்தக் கோட்டை இடம் பிடிச்சிடுச்சு. அதனாலதான் நமக்கு மிஞ்சுச்சு.

யாருக்கு இந்த ஊரு ஒத்து வரும்னா, பொறுமையா நடக்கப் பிடிச்சவங்க, மேப்ப கையில வச்சுக்கிட்டு இங்க தெரு, இங்க கடைன்னு மனசுல கட்டிப் பாக்கத் தெரிஞ்ச கொழந்தைங்க. நீம் அரங்கம், போன்து கார் பாலம் மாதிரி அண்ணாந்து பாக்குற பிரம்மாண்டத்த எதிர்பாத்து வந்தா ஏமாந்து போவீங்க, அதுக்குத் தெக்கதான் போகணும். மழைக்கால ஷூ கட்டாயம், கோயில் பக்கமும் தியேட்டர் பக்கமும் புல்லு ஈரமா சேறா இருக்கும், தள்ளுவண்டிக் கொழந்தையோட வந்தா கஷ்டம். மூட்டு வலி இருக்குறவங்க மியூசியம், கோட்டை, சர்ச் மட்டும் பாத்தா கூட நிறைவா இருக்கும். மியூசியம் நேரம் சீசனுக்கு சீசன் மாறும், கெளம்புறதுக்கு முன்னாடி ஒரு தடவ பாத்துக்கோங்க. நேரம் மிச்சம் இருந்தா செங் சுசான் கோட்டை ஊருக்கும் போகலாம், இங்கிலாந்தப் பிடிச்ச வில்லியம் 1083லேருந்து மூணு வருஷத்துக்கு மேல முற்றுகை போட்டும் பிடிக்க முடியாத ஊரு, அழகான ஊரு, ஆனா அங்க கூட்டம் இருக்கும்.

ஞாயித்துக்கிழமை கெளம்புறதுக்கு முன்னாடி பையன் இன்னொரு தடவ தியேட்டருக்குப் போகணும்னான். நாங்க மேல உக்காந்தோம், அவன் கீழ மேடை இருந்த எடத்துல நின்னு, கத்தாம சாதாரணமா பேசுறேன், கேக்குதா பாருங்கன்னு சொல்லிட்டு தன்னோட பேரையும் அப்பா பேரையும் சொன்னான், ஒர்கெத்தோரிக்ஸ் கல்வெட்டுல இருக்குற மாதிரியே. நல்லாக் கேட்டுச்சு.